நாலு நிமிஷம்

அந்தப் பெட்டியை வாங்கியது
எண்பத்து மூன்று நவம்பரில், க்ரோனிங்கனில்,
மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த கடையில்,
பதினெட்டுத் தவணைக்கு.
கேசட்டைத் திருப்பிப் போடலாம், பாருங்கள்,
அப்பத்தைப் புரட்டுவது போல
என்றான் கடைக்காரன். நம் நாட்டுச் சரக்கு என்றான்.
பதினோராம் தவணை கட்டும்போது
ஊரே வேறு பெட்டிக்கு மாறியிருந்தது.
வாடகைக் கடையில் எங்கள் கேசட்டுக்கு
முதலில் ஒரு சுவர், பிறகு ஒரு தட்டு,
பிறகு வாசல் மிதியடிக்குப் பக்கத்தில்
ஓர் அட்டைப் பெட்டி.
யெல்லெ அசரவில்லை.
தோற்ற குதிரைக்கும் கொள்ளு வைக்கணுமே என்றான்.

எனக்கு இரவுப் பணி, மருத்துவமனை நாலாம் மாடி.
அவனுக்கு விடிகாலை ஐந்துக்குச் சர்க்கரை ஆலை.
ஒரே கட்டிலை மாற்றி மாற்றிச் சூடாக்கினோம்.
சனிக்கிழமை தவிர நாங்கள் சந்தித்துக்கொண்டது
சமையலறை மேசைக் காகிதங்களில்:
முட்டை தீர்ந்தது. உன் அம்மா கூப்பிட்டாள். குழாய் ஒழுகுகிறது.

திங்கட்கிழமை நாடகத்தை
எனக்காகப் பதிவுக்கு வைத்துவிட்டுப் படுப்பான்.
பெட்டியின் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடும்.
திருத்துவது எப்படியென்று
கையேட்டின் நாற்பது பக்கத்திலும் இல்லை.
ஆகவே ஒவ்வொரு பதிவின் தலையிலும்
வானிலை அறிக்கை இருக்கும்,
வட கடலில் பலத்த காற்று.
வாலில் ஒன்றும் இருக்காது.
கதவின் கைப்பிடியில் கை.
கடிதத்தின் முதல் வரியில் கண்.
சட்டென்று புழுதி பறக்கும் திரை.

அந்த இடத்தில்தான் யெல்லெ வருவான்.
கேசட் உறைக்குள், மடித்த ரசீதின் பின்பக்கம், பென்சிலில்:
'கடிதம் தங்கையிடமிருந்து. நல்ல செய்திதான்.'
'கதவைத் திறந்தான். நாய் திரும்பியிருந்தது.'
'கொலைகாரன் தானே வந்து ஒப்புக்கொண்டான், மழையில் நனைந்தபடி.
துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார்கள்.'

இரண்டு குளிர்காலம் இப்படி.
பிறகு ஒரு காலை, பணி மாற்றும் நேரத்தில்,
தலை வாரிக்கொண்டே ட்ரூஸ் சொன்னாள்:
அந்த மாலுமி செத்ததும் எங்கள் வீட்டில் ஒரே அழுகை.
செத்தானா?
என் மாலுமி ஹார்லிங்கனில் இறங்கி
சைக்கிள் வாடகைக்கு எடுத்திருந்தானே.

ஒவ்வொன்றாக விசாரித்தேன், காட்டிக்கொள்ளாமல்.
நாய் திரும்பவில்லை.
தங்கைக்குப் புற்று.
துண்டு யாரும் கொடுக்கவில்லை.
பத்து மணிக்கே தூங்கிவிடும் மனுஷன்
ஒரு முடிவையும் பார்த்ததில்லை.
பழைய ரசீதுகளை மேசையில் பரப்பி எண்ணினேன்.
ஒருவர்கூடச் சாகவில்லை.
எங்கிருந்து வீடு திரும்புகிறேன் என்பது
அவனுக்குத் தெரியும்.
கேட்க வாய் வரவில்லை.

அக்டோபரில் பழுதுபார்க்க வந்த பையன்
பெட்டியின் பின்னால் ஒரு துளையில் ஊசியை விட்டு
கடிகாரத்தைச் சரிசெய்தான், சீட்டியடித்துக்கொண்டே.
அந்தத் திங்கள் நாடகம் முழுசாக இருந்தது:
முடிவு, பெயர்ப் பட்டியல், அறிவிப்பாளரின் இரவு வணக்கம்.
உறைக்குள் ஒன்றும் இல்லை.
இரண்டு முறை கைவிட்டுப் பார்த்தேன்.
கொண்டை ஊசியை உருவி
கடிகாரத்தை நாலு நிமிஷம் முன்னே தள்ளினேன்.

அடுத்த வாரம் ரசீது இருந்தது.
'தூங்கிவிட்டேன். எப்போதும் தூங்கிவிடுவேன், உனக்குத் தெரியும்தானே.
துளையோரம் புதுக் கீறல் பார்த்தேன்.
இந்த முறை நீ எழுது.'

மணி எட்டேகால். காலணிகூடக் கழற்றவில்லை.
ஜன்னல் வழியே பீட்ரூட் வேகும் நாற்றம்.
திரையில் கட்டிலில் ஒரு கிழவர்,
வாசலில் தயங்கும் மகள்,
அப்புறம் புழுதி.
அன்று ஆறாம் படுக்கையின் முகத்தை
நான்தான் மூடிவிட்டு வந்திருந்தேன்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.
'எழுந்து உட்கார்ந்தார்.
காபியில் சர்க்கரை போதவில்லை என்றார்.'